ஐந்து ஊர் வேண்டாம், காலிக் கோட்டை ஒன்று போதும்

ராயபுரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அரையாண்டு விடுமுறையில் குடும்பமாக இலங்கை போகிறார்கள். கணவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எழுபதை நெருங்கும் மாமியார். கொழும்பில் நான்கு நாள் தங்கல். அதில் ஒரு நாளைக் கடலோரப் பழைய ஊர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி, மாத்தறை ஐந்தையும் ஒரே நாளில் வேனில் காட்டிவிடுவதாக டிராவல்ஸ்காரர் சொல்கிறாராம். இது முடியுமா, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது கேள்வி.

ஐந்து ஊரையும் தொட்டுவிட்டு வரலாம், ஆனால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. நீர்கொழும்பு கொழும்புக்கு வடக்கே இருக்கிறது, மற்ற நான்கும் தெற்கே. மாத்தறை மட்டுமே கொழும்பிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இந்த நீளம் முழுக்க ஓடினால், பகல் மொத்தமும் வேனுக்குள்ளேயே போய்விடும். என் யோசனை இதுதான். ஒரு முழு நாளைக் காலிக்கு மட்டும் கொடுங்கள். நீர்கொழும்பை விமானம் ஏறும் நாளோடு சேர்த்து ஓர் அரை நாளில் பாருங்கள், ஏனென்றால் கட்டுநாயக்க விமான நிலையம் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மற்ற மூன்றையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

ஏன் காலி என்று கேட்டால், அதற்கு முதலில் பழவேற்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வடசென்னைக்காரர்களுக்குப் பழவேற்காடு என்றால் படகு, இறால், ஏரி, சீசன் வந்தால் பூநாரை. ஆனால் டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் தலைமை இடமாக வைத்திருந்தது அந்த ஊரைத்தான். 1609ல் வந்து இறங்கினார்கள், 1613ல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். நம் பக்கத்து நெசவாளர்கள் நெய்த துணியை அங்கிருந்து கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றிப்போய், அதைக் கொடுத்து வாசனைப் பொருள்கள் வாங்கினார்கள். 1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று அந்தக் கோட்டை இருந்த இடத்தில் முள்ளும் புதரும் மண்டிய மேடுதான் மிச்சம். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும்.

அதே டச்சு கிழக்கிந்திய கம்பெனி, அதே நூற்றாண்டில், கடலுக்கு அந்தப் பக்கம் எழுப்பிய கோட்டைதான் காலியில் இருப்பது. இங்கே மண்மேடாகிப் போனது அங்கே முழுசாக நிற்கிறது, அதுவும் உள்ளே ஆட்கள் குடியிருக்கும் ஊராக. பள்ளிக்கூடம், மசூதி, தேவாலயம், தபால் நிலையம், துணி காயும் மாடி எல்லாம் மதிலுக்குள். அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை பாஸ்போர்ட் சம்பந்தப்பட்டது இல்லை. புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போய்விட்டு வாருங்கள். பொன்னேரி வரை லோக்கல் ரயில், அங்கிருந்து பஸ். கல்லறை வாசலையும் கல்லில் வெட்டிய டச்சு எழுத்துகளையும் ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை, காலியில் அதே எழுத்தைக் கண்டதும் தானே அடையாளம் சொல்லும். வழிகாட்டி யாரும் தேவைப்படாது.

காலியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுக்கீசியர் 1505ல் இலங்கைக்கு வந்தார்கள், 1588ல் காலியில் கோட்டை கட்டினார்கள். 1640ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, பெரிதாக்கி, இன்று நாம் பார்க்கும் மதிலையும் தெருக்களையும் அமைத்தார்கள். 1796ல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 1988ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

கோட்டை ஏன் இடிபடாமல் தப்பியது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. நீராவிக் கப்பல் காலத்தில் கிழக்கே போகிற கப்பல்கள் எல்லாம் நின்று நிலக்கரி ஏற்றிய துறைமுகம் காலி. ஆனால் அந்த விரிகுடாவில் பாறைகள் அதிகம், தென்மேற்குப் பருவக் காற்றில் கப்பல் நிற்பது பெரும்பாடு. அதனால் ஆங்கிலேயர் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டிச் செயற்கைத் துறைமுகம் உண்டாக்க முடிவு செய்தார்கள். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் கொழும்பு அலைதடுப்புக்குக் கல் நாட்டினார். அதே மாதம் சென்னைக்கு வந்து நம் துறைமுகத்துக்கும் கல் நாட்டினார். நம் ராயபுரம், காசிமேட்டுக் கடற்கரையின் தலையெழுத்தை மாற்றியதும் காலியின் தலையெழுத்தை மாற்றியதும் அந்த ஒரே பயணம்தான். கொழும்புக்குக் கப்பல் போன பிறகு காலியில் வியாபாரம் சுருங்கியது. பணம் புழங்கிய ஊராக இருந்திருந்தால் பழைய வீடுகளை இடித்துக் கட்டியிருப்பார்கள். புழக்கம் குறைந்ததால் அப்படியே நின்றுவிட்டது.

சரி, போகிற வழி. கொழும்பிலிருந்து காலி 115 கிலோமீட்டர் சுமார். அதிவேக நெடுஞ்சாலை 2011ல் திறந்ததிலிருந்து காரில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் போகும்போது ரயிலில் போங்கள். அந்தத் தடம் 1894ல் காலியை எட்டியது. கொழும்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே கருங்கல் குவியல் மட்டும்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கல் கொட்டியிருக்கும் இடங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கும் அந்த நெருக்கம் புதிதாக இருக்கும், அலை உடைந்து ஜன்னலில் சாரல் அடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் போகும். தெற்கே போகிற ரயிலில் கடல் வலது பக்கம், அந்தப் பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பல ரயில்கள் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்பே மருதானையிலிருந்து கிளம்பும். மருதானையில் ஏறினால் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். காலையில் வேலைக்குப் போகிற கூட்டம் கொழும்பை நோக்கி வரும், நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள், அதனால் நெரிசலுக்குப் பயப்பட வேண்டாம். விரைவு ரயில் என்றால் இரண்டரை மணி நேரம் போல ஆகும். நிலையப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும், மாமியாரே ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டு வரலாம்.

தங்குவதற்கு இன்னும் இடம் பிடிக்கவில்லை என்றால் வெள்ளவத்தைப் பக்கம் பாருங்கள். தமிழர்கள் நிறைந்த பகுதி, கடலோர ரயில் தடமும் அதை ஒட்டியே போகிறது. காலையில் இட்லி, மசால்தோசைக்குக் கவலை இருக்காது.

களுத்துறையில் ஆற்றுப் பாலம், கரையில் வெள்ளைத் தாதுகோபம் (புத்த ஸ்தூபி), அம்பலாங்கொடை தாண்டினால் தென்னந்தோப்பு என்று காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரேலிய என்ற சின்ன ஊர் வரும். அந்த இடத்தில் பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று இதே தடத்தில் காலி வழியாக மாத்தறைக்குப் போய்க்கொண்டிருந்த ரயில் அங்கே நின்றது. முதல் அலைக்குப் பயந்த ஊர் மக்கள், ரயில் பெட்டி பாதுகாப்பு என்று நம்பி அதில் ஏறினார்கள், அதன் மறைவில் ஒதுங்கினார்கள். அடுத்து வந்த பேரலை பெட்டிகளைப் புரட்டிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலக ரயில் வரலாற்றில் இதைவிட அதிக உயிர் போன விபத்து கிடையாது. இப்போது அங்கே நினைவுச் சின்னமும், ஜப்பானியர் உதவியோடு எழுப்பிய உயரமான புத்தர் சிலையும் இருக்கின்றன. காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் அதே காலையில் அதே அலை என்ன செய்தது என்பது உங்கள் மாமியாருக்கு நினைவிருக்கும். நீங்கள் போகும் விடுமுறைக்குள் அந்தத் தேதியும் வருகிறது. அன்று போனால் வழியெல்லாம் அஞ்சலிக் கூட்டங்கள் நடக்கும், அதற்கு ஏற்ற அடக்கத்தோடு போங்கள், படம் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காலி நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் பஸ் நிலையம், அடுத்து கிரிக்கெட் மைதானம், அதற்குப் பின்னால் கோட்டை மதில். பத்து நிமிட நடை. மாமியாருக்கு முடியாவிட்டால் ஆட்டோ எடுங்கள். அங்கே பிக்மி என்ற ஆப் இருக்கிறது, அதில் போட்டால் கட்டணம் முன்பே தெரிந்துவிடும். கோட்டைக்குள் நுழைய டிக்கெட் எதுவும் கிடையாது, ஊர்தானே அது.

மைதானத்தை இறங்கியதும் பார்க்காதீர்கள், மதில் மேல் ஏறிய பிறகு பாருங்கள். கோட்டையின் நிலப்பக்கத்தைக் காக்க டச்சுக்காரர்கள் மூன்று பெரிய கொத்தளங்களைக் கட்டி சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர் வைத்தார்கள். அந்த மதிலிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கக் காலடியில் தெரியும். டெஸ்ட் மேட்ச் நடக்கும்போது ஜனங்கள் அங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள். 2010 ஜூலை 22 அன்று முத்தையா முரளிதரன் தன் 800ஆவது விக்கெட்டை எடுத்தது இங்கேதான், இந்தியாவுக்கு எதிராக. சேப்பாக்கத்தில் சிஎஸ்கேவுக்காகப் பந்து வீசிய அதே முரளி. உங்கள் பையன் கிரிக்கெட் பைத்தியமாக இருந்தால் அவனை அங்கிருந்து கிளப்புவதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். சுனாமியில் அந்த மைதானமும் பஸ் நிலையமும் மூழ்கிப்போயின, மைதானத்தைச் சரிசெய்து மறுபடி டெஸ்ட் ஆட 2007 டிசம்பர் ஆகிவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் கோட்டையின் உட்புறத்தை அந்தப் பழைய மதில் பெருமளவு காப்பாற்றியது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

இனி நேரக் கணக்கு. பத்து மணி போல் போய்ச் சேர்வீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரிலும் அங்கே உச்சி வெயில் சுரீரென்று அடிக்கும், மதில் மேல் மர நிழலே கிடையாது. அதனால் காலையில் மதிலைச் சுற்றக் கிளம்ப வேண்டாம். மைதானத்தைப் பார்த்த கையோடு உள்ளே இறங்கி, கூரைக்கு அடியில் இருக்கும் இடங்களை முதலில் முடியுங்கள். மதிய வெயிலுக்கு எங்கேயாவது உட்காருங்கள். நான்கு மணிக்கு மேல் மதில் நடை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, இரண்டு மணிக்குள் களைத்துப்போய் ஐஸ்கிரீம் கடையில் நாளை முடித்துக்கொள்கிறார்கள்.

கூரைக்கு அடியில் முதலாவது, பழைய வாசல். இப்போது வண்டிகள் போகிற பெரிய வாசல் 1873ல் ஆங்கிலேயர் உடைத்து வைத்தது. துறைமுகப் பக்கம் இருக்கும் சின்ன வாசல்தான் ஆதி வாசல். வெளிப்பக்கம் தலைக்கு மேல் ஆங்கில அரசச் சின்னம். குகை போன்ற அந்த வழியில் நுழைந்து உள்ளே போய்த் திரும்பி நிமிர்ந்து பாருங்கள். இரண்டு சிங்கங்கள், நடுவில் பின்னிக்கிடக்கும் கம்பெனி எழுத்துகள், மேலே ஒரு சேவல், கீழே 1669 என்ற ஆண்டு. கல்லில் பாசி படிந்து பச்சை ஏறியிருக்கும், சேவலின் கொண்டை மட்டும் தூக்கலாகத் தெரியும். பழவேற்காட்டுக் கல்லறையை ஏற்கெனவே பார்த்த பிள்ளைகள் முதலில் சத்தம் போடப்போவது இங்கேதான்.

வாசலை ஒட்டியிருக்கும் நீளமான கட்டடம் டச்சுக்காரர்களின் கிடங்கு. கறுவாப்பட்டையும் மிளகும் அடுக்கி வைத்த இடத்தில் இப்போது கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. 1659ல் காலித் துறைமுகத்திலேயே மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற டச்சுக் கப்பலைக் கடலடியில் ஆராய்ந்திருக்கிறார்கள், அந்தக் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். படகுகளும் வலைகளும் வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது மீன்பிடித் தொழில் தெரியும் என்றால் இங்கே அரை மணி நேரம் கூடுதலாக ஓடிவிடும்.

அடுத்து டச்சு சீர்திருத்தத் தேவாலயம், 1755ல் கட்டியது. கோட்டைத் தளபதியும் அவர் மனைவியும் நெடுநாள் கழித்துக் குழந்தை பிறந்ததற்கு நன்றியாகக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். உள்ளே தரை முழுக்கக் கல்லறைக் கற்களையே பாவியிருக்கிறார்கள். குடும்பச் சின்னம், மண்டையோடு, குறுக்கே வைத்த எலும்பு, மணல் கடிகாரம் என்று ஒவ்வொரு கல்லிலும் செதுக்கல். செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டார்கள், ஆனாலும் நம் ஆட்களுக்கு மிதித்து நடக்க மனசு வராது, ஓரமாகப் போங்கள்.

மற்றபடி தேவாலயத் தெரு, கலங்கரை விளக்கத் தெரு, மருத்துவமனைத் தெரு, முன்பு கயிறு திரித்த லெயின் பான் தெரு எல்லாவற்றையும் குறிக்கோள் இல்லாமல் சுற்றலாம். தூண் வைத்த திண்ணை, உயரமான கதவு, உள்முற்றம் என்று வீடுகள் ஒன்றுக்கொன்று உறவு மாதிரி இருக்கும். பாதி வீடுகள் இப்போது ஹோட்டலும் கடையும் ஆகிவிட்டன, அதில் எனக்கு வருத்தம்தான். குடியிருக்கும் வீடுகளில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ் என்பதால் நம் பேச்சு காதில் விழும். சந்தேகம் என்றால் தயங்காமல் தமிழில் கேளுங்கள். மண்ணடியிலும் முத்தியால்பேட்டையிலும் கேட்கிற தமிழிலிருந்து ராகம் மட்டும் கொஞ்சம் மாறும்.

தெருவில் நடக்கும்போது கீழே ஓடும் சாக்கடையைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லலாம். கழிவு போக டச்சுக்காரர்கள் நிலத்தடி வாய்க்கால் அமைத்து, அதில் கடல்நீரைப் பாய்ச்சிக் கழுவ ஏற்பாடு செய்தார்கள். நீரை ஏற்ற டிரைட்டன் கொத்தளத்தில் காற்றாலை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் முழங்கால் தண்ணீரில் நடக்கிற நமக்கு, முன்னூறு வருஷத்துக்கு முந்தைய வடிகால் ஏற்பாட்டை நின்று யோசித்துப் பார்க்கத் தோன்றும்.

ரத்தினக் கல் கடைகளுக்கு மட்டும் போக வேண்டாம். ஆட்டோக்காரரோ வழியில் பேச்சுக் கொடுப்பவரோ அரசாங்கக் கண்காட்சி, இன்று கடைசி நாள் என்றெல்லாம் சொல்லி அழைப்பார்கள். கூட்டிப்போகிறவருக்குக் கமிஷன் உண்டு. கல் தரம் பார்க்கத் தெரியாதவர் அவசரத்தில் வாங்கக் கூடாது.

சாப்பாடு. கோட்டைக்குள் விலை அதிகம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது என்ற தெம்பில் உட்கார்ந்தாலும் ஐந்து பேருக்கு பில் கனமாகத்தான் வரும். மதிலுக்கு வெளியே, கடைத்தெருப் பக்கம் சோறும் கறியும் போடுகிற சாதாரணக் கடைகள் இருக்கின்றன. அங்கே அம்புல் தியல் கேட்டுச் சாப்பிடுங்கள், தென் மாகாணத்துச் சரக்கு அது. சூரை மீனைச் சதுரத் துண்டாக வெட்டி, கொறுக்காய்ப்புளியை அரைத்து மிளகோடு பூசி, மண்சட்டியில் நீர் வற்றும் வரை வேகவைப்பார்கள். கருகருவென்று, குழம்பே இல்லாமல், துண்டு துண்டாக இருக்கும். புளிப்பு முதலில், காரம் பின்னால். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மீனை நாள்கணக்கில் வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த பக்குவம். காசிமேட்டு மீன்குழம்பிலேயே வளர்ந்த நாக்குக்கு இது புது ருசி.

மாமியார் வெள்ளி, செவ்வாய் கவிச்சி தொடமாட்டார் என்றால் ஒரு எச்சரிக்கை. அங்கே தேங்காய்ச் சம்பலிலும் பல காய்கறிக் கூட்டுகளிலும் மாசிக் கருவாட்டைத் தூளாக்கிப் போடுவது வழக்கம். பார்த்தால் தெரியாது. மாசி போடாததா என்று முன்பே கேளுங்கள். பருப்பு, இடியாப்பம், சொதி, எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பதநீரில் காய்ச்சிய பாகு) இருக்கவே இருக்கின்றன. தயிரும் பாணியும் பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும். வெயிலுக்குச் செவ்விளநீர் குடியுங்கள், அங்கே தம்பிலி என்று கேட்க வேண்டும்.

மதியம் மூன்று மணி வரை எங்கேயாவது நிழலில் இருங்கள். பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் இப்போது கடைகள் இருக்கின்றன, அதன் நீண்ட தாழ்வாரத்தில் காற்று வரும். நான்கு மணிக்கு மேல் மதில் ஏறுங்கள். முழுச் சுற்றும் மெதுவாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். மாமியாரை முழுதும் நடக்க வைக்க வேண்டாம், கலங்கரை விளக்கம் வரை ஆட்டோவில் கூட்டிவந்து அங்கே உட்கார வைக்கலாம். இப்போது நிற்கும் வெள்ளை விளக்கம் 1939ல் கட்டியது, 26 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1848ல் கட்டிய பழையது தீயில் போய்விட்டது. எதிரில் இருக்கும் வெள்ளைக் கட்டடத்தைப் பலர் தேவாலயம் என்று நினைத்துவிடுவார்கள், அது 1904ல் கட்டிய மீரான் மசூதி. விளக்கத்தின் கீழே சின்ன மணல்கரை ஒன்று இருக்கிறது, அலை அடங்கி இருக்கும் நாளில் பிள்ளைகள் கால் நனைக்கலாம்.

மதில் மேல் பெரும்பாலான இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன். புல் தரை அப்படியே போய் விளிம்பில் முடியும், கீழே நேராகப் பாறை. விளிம்பிலிருந்து நான்கடி தள்ளித்தான் நடக்க வேண்டும், செல்ஃபிக்காகப் பின்னால் நகரக் கூடாது என்று ஏறும்போதே பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மதிலின் தென்கோடியில் இருக்கும் கொடிப்பாறை என்ற இடத்தில் உள்ளூர் இளைஞர்கள் காசு வாங்கிக்கொண்டு கடலில் குதித்துக் காட்டுவார்கள். கொடுத்து ஊக்கப்படுத்த வேண்டாம். மேற்குப் பக்க மதிலில் ஆறு மணி வாக்கில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். வங்கக் கடலில் சூரியன் உதிப்பதை மட்டுமே பார்க்கிற நமக்கு அது தனி அனுபவம்.

இருட்டிய பிறகு ரயிலை நம்ப வேண்டாம். காலியிலிருந்து அதிவேகச் சாலை வழியாகக் கொழும்பின் புறநகருக்கு ஏசி பஸ் ஓடுகிறது. மாகும்புரவிலோ மகரகமவிலோ இறங்கி ஆட்டோ பிடித்தால் தங்குமிடம் வந்துவிடலாம். கார் பேசுவதாக இருந்தால் திரும்பி வருவதற்கு மட்டும் பேசிக்கொள்ளுங்கள்.

கொழும்பில் மீதமுள்ள நாட்களில் ஒரு காலையைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள், முடிந்தால் காலிக்குப் போகும் முன்தினம். காலியில் 1911ல் கண்டெடுத்த ஒரு கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்ற ஆண்டு பொறித்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு, தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற திருமாலுக்கு. தென்னாவரை என்பது மாத்தறைக்கு அப்பால், தீவின் தென்முனையில் இருக்கும் இன்றைய தெவிநுவர. அந்தக் கோயிலைப் போர்ச்சுக்கீசியர் 1588ல் இடித்துவிட்டார்கள். சீனப் பேரரசர் பெயரால் இந்தக் கடலில் பேச வேண்டுமென்றால் தமிழில் எழுத வேண்டியிருந்தது, அந்த அளவுக்கு நம் வணிகர்கள் அங்கே புழங்கியிருக்கிறார்கள். எழுத்து தேய்ந்திருக்கும், பக்கத்தில் நின்று சாய்வாகப் பார்த்தால் சில எழுத்துகளைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நீர்கொழும்பு அரை நாளுக்கு மூன்று இடம் போதும். 1678 என்று பொறித்த டச்சுக் கோட்டை வாசல் (உள்ளே சிறைச்சாலை, வாசலை மட்டும் பார்க்கலாம்), கால்வாய், பிறகு மீன் சந்தை. மீன் சந்தைக்கு விடியற்காலையில் போங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், அன்று தொழிலுக்குப் போகமாட்டார்கள். கரையில் தென்னை நார்ப் பாய்களை விரித்துக் கருவாடு காயவைப்பதைக் காசிமேட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கிருக்கும் ஒருவ என்ற படகை உட்கார்ந்து பாருங்கள். குடைந்த மரத்தின் மேல் பலகை வைத்துக் கயிற்றால் தைத்து, ஒரு பக்கம் மட்டும் இரண்டு வளைந்த கழிகளை நீட்டி, நுனியில் மிதவைக் கட்டை கட்டியிருப்பார்கள். நம் கட்டுமரம் போல மரங்களைச் சேர்த்துக் கட்டியதும் இல்லை, நம் ஃபைபர் படகு போலவும் இல்லை. அலையில் படகு சாயும்போது அந்தக் கட்டைதான் நிமிர்த்துகிறது. சில குடும்பங்களில் தமிழும் பேசுவார்கள், தொழிலைப் பற்றிக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை நீங்கள் தேர்ந்தெடுத்த டிசம்பர் கடைசி நல்ல தேர்வு. தென்மேற்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி. இதைப் படித்துவிட்டு மே மாதப் பள்ளி விடுமுறையில் போக நினைக்கிறவர்கள் யோசியுங்கள், அப்போது அங்கே பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும். பௌர்ணமி எந்த நாள் என்றும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை, ரயிலில் கூட்டம், பல கடைகள் மூடியிருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது காங்கேசன்துறைக்குப் போகிறது, யாழ்ப்பாணப் பக்கம். காலி தீவின் மறுகோடி, உங்கள் நான்கு நாளுக்கு ஒத்துவராது. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான்.

நுழைவு அனுமதியை இலங்கை அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள், விதி அடிக்கடி மாறுகிறது. அதே மாதிரி தோற்றத்தில் இருக்கும் வேறு தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும். பிள்ளைகளுக்கும் தனித்தனி பாஸ்போர்ட் வேண்டும், எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் காலாவதி பாக்கி இருக்கட்டும். டிராவல்ஸ்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் ஐந்து ஊர் வேனை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, அதற்குப் பதில் காலியிலிருந்து இரவு திரும்பும் காரும், கடைசி நாள் நீர்கொழும்பு வழியாக விமான நிலையம் போகும் வேனும் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் ஓட்டம் குறைவு.